அட்வான்ஸ் கொடுத்தாச்சு, வேலை சரியில்லை: இப்போ என்ன செய்யலாம்?

அரியலூர் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடி பல வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. தெரிந்த மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். பழைய தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, வாட்டர் புரூஃபிங் செய்து, மேலே கூலிங் டைல்ஸ் ஒட்டித் தருவதாகச் சொன்னார். பொருளும் கூலியும் சேர்த்து 1,40,000 ரூபாய் என்று பேச்சு. "மெட்டீரியல் வாங்கணும்மா" என்று கேட்டதும் அம்மா 1,00,000 ரூபாயை முதல் நாளே கொடுத்துவிட்டார். பாதி வேலையில் இன்னும் 20,000 போனது.

ஐப்பசி மழை வந்தது. முன்பு ஒரு இடத்தில் ஒழுகிய மாடி, இப்போது மூன்று இடத்தில் ஒழுகியது. மேஸ்திரிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடைத்து, 65,000 ரூபாய் செலவில் திரும்பச் செய்தோம். அதற்குப் பிறகுதான் "பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கா?" என்று ஒரு வழக்கறிஞரிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "முதல் ஆள் செஞ்ச வேலை மோசம்னு காட்ட என்ன இருக்கு?" எங்களிடம் ஒன்றும் இல்லை. உடைத்த டைல்ஸ் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது.

முன்பணம் கொடுத்ததால் உரிமை போய்விடாது. ஆதாரத்தை நாமே உடைத்துப் போட்டால்தான் போய்விடும். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்காமல் இருக்க, எதை எந்த வரிசையில் செய்யணும் என்று பார்ப்போம்.

முதல் வேலை: உடைக்காதீங்க, படம் எடுங்க

கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் போதும். ஒவ்வொரு குறையையும் தூரத்திலிருந்து ஒரு படம், அருகிலிருந்து ஒரு படம் எடுங்க. விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலோ நாணயமோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். ஒழுகும் இடத்தைப் படமாக மட்டும் இல்லாமல் வீடியோவாகவும் எடுங்க. எந்த அறை, என்ன தேதி என்று வீடியோவிலேயே பேசிவிடுங்க.

அடுத்தது பணக் கணக்கு. ஜிபே, போன்பே மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனை விவரத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வையுங்க. கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், எந்தத் தேதியில், யார் முன்னிலையில், எவ்வளவு என்று இப்போதே ஒரு தாளில் எழுதுங்க. அந்தத் தேதியை ஒட்டி வங்கியில் பணம் எடுத்த பதிவு இருந்தால் அதையும் சேருங்க.

மேஸ்திரியுடன் வாட்ஸ்அப்பில் பேசியது, அவர் அனுப்பிய கொட்டேஷன், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு, சிமென்ட் கடை பில் எல்லாம் ஆதாரம்தான். மின்னணு ஆவணங்களை ஆதாரமாகத் தாக்கல் செய்யும்போது, பாரதிய சாக்ஷிய அதினியம், 2023-இன் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அதனால் உரையாடலை அழிக்காதீங்க. போனை மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்க.

"எழுத்தில் ஒப்பந்தமே போடலையே" என்று கவலைப்படுகிறீர்களா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். அதை நிரூபிக்கத்தான் மேலே சொன்னவை எல்லாம்.

தப்பு வேலையிலா, மண்ணிலா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கரிசல் மண் உள்ள ஊர்கள் நிறைய. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதற்கேற்ற அஸ்திவாரம் இல்லாத வீட்டின் சுவரும் அதோடு சேர்ந்து அசையும். "விரிசலுக்கு நான் என்ன செய்ய, மண்ணு அப்படி" என்று மேஸ்திரி சொன்னால், சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே எந்தக் குறை எதனால் வரும் என்று கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

• ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல்: பெரும்பாலும் அஸ்திவாரம் அசைந்ததன் அடையாளம். பூச்சு வேலை செய்தவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

• புதுப் பூச்சில் வலை மாதிரி மெல்லிய வெடிப்பு: கலவை சீக்கிரம் உலர்ந்ததாலும் சரியாகத் தண்ணீர் ஊற்றாததாலும் வருவது அதிகம். கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி மாதிரிக் கலப்பு சிமென்ட் என்றால் அல்லது வெயில் கடுமையாக இருந்தால் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர நெறி. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலைகளும் சூழ்ந்த அரியலூரில் மூட்டை சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் தண்ணீர் ஊற்றாவிட்டால் எந்த மூட்டையும் பலம் தராது.

• மாடியில் தண்ணீர் தேங்கி நிற்பது: வாட்டம் சரியாக எடுக்கவில்லை. இது நேரடியாக வேலைக் குறை.

• டைல்ஸைத் தட்டினால் வெற்றுச் சத்தம்: அடியில் கலவை முழுதாகப் பரவவில்லை.

நமக்குத் தெரிந்தது நம் மனநிறைவுக்கு. ஆணையத்தின் முன் நிற்கப்போவது ஒரு சிவில் இன்ஜினீயர் நேரில் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அறிக்கைதான். அதில் இரண்டு விஷயம் இருக்கணும். ஒன்று, குறை என்ன, எதனால் வந்தது. இரண்டு, அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்: எந்த வேலை, எத்தனை சதுர அடி, சதுர அடிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய மதிப்பீடு. இந்த இரண்டாவது விஷயத்துக்கு எவ்வளவு பலம் என்பதை ஒரு வழக்கே காட்டுகிறது. அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

இன்ஜினீயர் பார்த்து, படமும் எடுத்த பிறகு, அவசரம் என்றால் சரிசெய்துகொள்ளலாம். மின்கம்பி பக்கம் தண்ணீர் இறங்குகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. அப்போதும் எடுத்த டைல்ஸில் சிலவற்றைத் தனியே வைத்திருங்க, புது வேலைக்கான பில்லை வாங்குங்க.

இரண்டாவது வேலை: எழுத்தில் கேளுங்க

நம் ஊரில் இதுதான் கஷ்டம். மேஸ்திரி அடுத்த தெருக்காரராக இருப்பார், சொந்தக்காரராகக்கூட இருப்பார். "நம்ம ஆளு மேல எப்படிப் புகார் கொடுக்கிறது?" என்று தயங்கியே மாதம் ஓடிவிடும். ஆனால் எழுத்தில் கேட்பது சண்டை போடுவது ஆகாது. சரிசெய்ய அவருக்குக் கொடுக்கும் வாய்ப்பு அது. பல பிரச்சினைகள் இந்த இடத்திலேயே முடிந்தும் போகும்.

நாங்கள் அன்று எழுதியிருக்க வேண்டிய கடிதம் இப்படி இருந்திருக்கும்:

"மேஸ்திரி அண்ணனுக்கு வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழைய தளம் எடுத்து, வாட்டர் புரூஃபிங் செய்து, கூலிங் டைல்ஸ் ஒட்ட, பொருள், கூலி சேர்த்து 1,40,000 ரூபாய் என்று ஜூன் 10 அன்று பேசினோம். அன்றே 1,00,000 ரூபாயும், ஜூலை 2 அன்று 20,000 ரூபாயும் கொடுத்தோம். வேலை ஜூலை 20 அன்று முடிந்தது. அக்டோபர் 18 மழையில் சமையலறை, நடு அறை, மாடிப்படி ஆகிய மூன்று இடங்களில் ஒழுகியது. மாடியில் தண்ணீர் தேங்குகிறது. படங்களை இணைத்துள்ளோம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் நேரில் வந்து பார்த்து, உங்கள் செலவில் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம். இல்லையென்றால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்து, அந்தச் செலவை உங்களிடம் கேட்டு நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டியிருக்கும். மீதி 20,000 ரூபாயை வேலை சரியானதும் தருகிறோம்."

பாருங்க, இதில் ஒரு திட்டுக்கூட இல்லை. பேசிய தொகை, கொடுத்த தொகை, தேதி, குறை, கேட்பது, காலக்கெடு இவை மட்டும்தான் இருக்கின்றன. மீதிப் பணத்தைப் பற்றியும் வெளிப்படையாக எழுதியாயிற்று. நாளைக்கு "அவங்கதான் பாக்கி தரலை" என்று அவர் சொல்ல இடமில்லை. இதை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்க, அஞ்சலகத்தில் ஒப்புகையுடன் போகும் தபாலாகவும் அனுப்புங்க. ஒரு நகலும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும்.

அவர் வந்து சரிசெய்தால் நல்லது. பணமாகத் திருப்பித் தருகிறேன் என்றால், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்க.

மேஸ்திரி வேலை நுகர்வோர் வழக்கில் வருமா?

"டி.வி., ஃபிரிட்ஜ் வாங்கினாதானே நுகர்வோர்?" என்று பலர் கேட்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் 'சேவை' என்ற சொல்லுக்குள் வீடு கட்டுமானமும் வருகிறது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 1993-இல் சேர்க்கப்பட்டது. செய்துதருவதாக ஒப்புக்கொண்ட வேலையின் தரத்திலோ செய்த விதத்திலோ குறை இருந்தால் அது 'சேவைக் குறைபாடு'.

அதே 1993-இல், நவம்பர் 5 அன்று, உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சிக் குழுமம் தொடர்பான வழக்கில் முக்கியமான தீர்ப்பு ஒன்றைக் கொடுத்தது. லக்னோவுக்கும் நம் ஊர் மாடிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அங்கே ஒருவர் அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு முழுப் பணத்தையும் 1984 ஜூலையிலேயே கட்டிவிட்டார். வீட்டு வேலை முடியவில்லை, வீடும் கைக்கு வரவில்லை. அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். "வீடு கட்டித் தருவது இந்தச் சட்டத்தில் வராது" என்று குழுமம் வாதாடியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு கட்டித் தருவது சேவைதான், அரசு அமைப்பு என்றாலும் பொறுப்பு உண்டு என்றது.

நமக்கு வேண்டிய பாடம் தொகையில் இருக்கிறது. மீதி வேலையை முடிக்க 44,615 ரூபாய் ஆகும் என்று அந்தக் குழுமத்தின் கட்டடக் கலைஞரே 1989 அக்டோபரில் மதிப்பிட்டிருந்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் அந்தத் தொகையையே கொடுக்கச் சொன்னது. அலைக்கழித்ததற்கு 10,000 ரூபாய் தனியாகச் சேர்த்தது. "எனக்கு ரொம்ப நஷ்டம்" என்று சொல்வதைவிட, கட்டடம் தெரிந்தவர் எழுதிய ஒரு எண்ணுக்கு எவ்வளவு பலம் பாருங்க. இன்ஜினீயர் மதிப்பீடு வாங்குங்க என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்கணும். இலவசமாகச் செய்த வேலையும், 'தனிப்பட்ட பணி ஒப்பந்தம்' எனப்படும் வேலைக்காரர் முறை வேலையும் இந்தச் சட்டத்தில் வராது. மொத்த வேலையையும் ஒரு தொகைக்குப் பேசி, எப்படிச் செய்வது என்பதை மேஸ்திரியே முடிவு செய்தால் அது சேவை. நீங்களே கொத்தனாரையும் சித்தாளையும் நாள் கூலிக்கு வைத்து, கலவை முதல் எல்லாவற்றையும் நீங்களே சொல்லிச் செய்யவைத்தால், அது சேவைதான் என்று நிறுவுவது கடினம். லேபர் காண்ட்ராக்டில் பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்திருந்தால், "பொருள் சரியில்லை" என்ற பதில் வரலாம். சிமென்ட் மூட்டையில் அச்சிட்ட வகை, தயாரித்த வாரம், ஆண்டு தெரியும்படி ஒரு படமும், கடை பில்லும் அதற்குப் பதில் சொல்லும்.

மூன்றாவது வேலை: ஆணையத்தில் புகார்

எங்கே? நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பெரம்பலூர்க்காரர் பெரம்பலூரிலும், ஜெயங்கொண்டம், செந்துறைக்காரர் அரியலூரிலும் கொடுக்கலாம். வேலை செய்தது திருச்சி, சென்னை நிறுவனமாக இருந்தாலும் நீங்கள் அங்கே ஓட வேண்டியதில்லை.

எவ்வளவு வரை? நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம்.

கட்டணம்? கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய்.

எப்போதுக்குள்? பிரச்சினைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள். "இந்த மழை போகட்டும், அடுத்த மழை பார்ப்போம்" என்று தள்ளினால் இரண்டு ஆண்டு சீக்கிரம் ஓடிவிடும்.

எப்படி? நேரில் கொடுக்கலாம். போனிலிருந்தே இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்தும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். விசாரணைக்குக் காணொலி வழியாக வர அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

புகாரில் என்ன எழுதணும்? இரு தரப்பின் பெயர், முகவரி. தேதி வாரியாக நடந்தது. இணைத்துள்ள ஆவணங்களின் பட்டியல். என்ன வேண்டும் என்பது: குறையை நீக்கித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா, இழப்பீடா, வழக்குச் செலவா? எல்லாவற்றையும் தொகையோடு எழுதுங்க. சொன்னது உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். பல பேர் தடுமாறுவது மேஸ்திரியின் முழு முகவரியில்தான். போன் நம்பர் மட்டும் இருந்தால் நோட்டீஸ் போகாது.

எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாளும், கூடுதலாக 15 நாளும் கிடைக்கும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவும் ஆகலாம். சமரசத்துக்கு வாய்ப்பு இருந்தால் ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பும். உத்தரவு வந்தும் பணம் தரவில்லை என்றால், ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உத்தரவில் திருப்தி இல்லாவிட்டால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

எந்தக் கதவு எதற்கு?

• 1915: தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். வழக்குக்கு முன் பேசித் தீர்க்கும் வழி இது. பெரிய நிறுவனங்களிடம் கூடுதலாகப் பலன் தரும். தனி மேஸ்திரி என்றால் அடுத்து என்ன செய்யலாம் என்று ஆலோசனை பெற உதவும்.

• 15100: இலவசச் சட்ட உதவி. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பு பார்க்காமலே பெறலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றம் மூலம் பேசி முடிக்கவும் வழி உண்டு. தெரிந்த மேஸ்திரி, கெடுக்க விரும்பாத உறவு என்றால் இது நல்ல கதவு.

• காவல் நிலையம்: வேலை மோசம் என்பது மட்டும் குற்ற வழக்கு ஆகாது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் முகவரி சொல்லிப் பணம் வாங்கி மறைந்தவர் என்றால், அது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின் கீழ் மோசடி.

• முதல்வரின் முகவரி 1100, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாள்: இவை அரசுத் துறைச் சேவைகளுக்கானவை. தனியார் மேஸ்திரியிடமிருந்து பணம் வாங்கித் தர இங்கே உத்தரவு போட முடியாது.

• ரெரா: விற்பனைக்காகக் கட்டும் குடியிருப்பு, மனைத் திட்டங்களுக்கானது. சொந்த வீட்டுப் பழுதுபார்ப்பு இதில் வராது.

அடுத்த முறை பணத்தை எப்படிக் கொடுக்கலாம்?

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டுவோருக்கு அரசு மொத்தப் பணத்தையும் முதலில் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பார்த்துத்தான் விடுவிக்கிறது. நம் வீட்டு வேலைக்கும் அதே முறை பொருந்தும். 1,40,000 ரூபாய் வேலை என்றால், பொருள் வந்து இறங்க 40,000, பழைய தளம் எடுத்து வாட்டர் புரூஃபிங் முடிந்ததும் 40,000, டைல்ஸ் முடிந்ததும் 40,000, சோதித்துப் பார்த்த பிறகு கடைசி 20,000 என்று பேசலாம். பொருளுக்கு மட்டும் முன்பணம் என்றால் கடைக்கே நேராகக் கொடுத்து உங்கள் பெயரில் பில் வாங்கலாம்.

சோதனை எளிது. மாடியிலோ பாத்ரூமிலோ தண்ணீர் போகும் வழியை அடைத்து, கொஞ்சம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்க. கீழே கூரையில் ஈரம் இறங்குகிறதா பாருங்க. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் தேங்காமல் ஓடுகிறதா பாருங்க. இதை வீடியோ எடுத்துவிட்டு மீதியைக் கொடுங்க. நல்ல மேஸ்திரி இதற்குக் கோபப்பட மாட்டார். மழை வரும்போது தன் பெயர் கெடாது என்று அவருக்கும் நிம்மதி.

வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்க: என்ன வேலை, என்ன பொருள், எவ்வளவு தொகை, எப்போது முடியும், ஒழுகினால் எத்தனை மாதம் வரை இலவசமாகச் சரிசெய்து தருவார். கீழே அவருடைய முழு முகவரி, இருவர் கையெழுத்து. முத்திரைத்தாள் தேடி அலைய வேண்டாம், தாளைப் படம் எடுத்து இருவர் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்க.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. சென்ற மாதம் குழாய் மாற்ற பிளம்பர் வந்தார். அம்மா முதலில் நோட்டை எடுத்து வேலையையும் தொகையையும் எழுதி, "தம்பி, இதுல ஒரு கையெழுத்து போடுப்பா" என்றார். அவரும் சிரித்துக்கொண்டே போட்டார். பிறகு முன்பணமாக 500 ரூபாய் கொடுத்தார்.